பாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களையும் சொல்லுங்கள்

2021 மே மாதம் இலங்கைப் பாடகர்கள் யொஹானியும் சதீஷனும் சேர்ந்து பாடிய ‘மெனிக்கே மகே ஹித்தே’ என்ற சிங்களப் பாட்டு யூடியூபில் வெளியானது. சில வாரங்களிலேயே அது கடல் தாண்டியது. இந்தி நடிகர் அமிதாப் பச்சன் தன் பழைய நடனக் காட்சியோடு அந்தப் பாட்டை இணைத்த காணொளியைப் பகிர்ந்தார். சிங்களம் புரியாதவர்களும் முணுமுணுத்தார்கள். கல்முனைக்குடி இளைஞர்களின் கைபேசிகளிலும் அதே மெட்டுத்தான்.

ஆனால் அந்தப் பாட்டு அன்று பிறந்ததல்ல.

2020இலேயே சதீஷன் அதைப் பாடியிருந்தார். வரிகள் டுலான் ஏஆர்எக்ஸ் எழுதியவை, இசை சமத் சங்கீத் அமைத்தது. புதிய வடிவம் புகழ்பெற்றதும் வெளிச்சம் பெரும்பாலும் யொஹானி மீதே விழுந்தது. அவருடைய குரலுக்கு அந்தப் புகழ் தகும். 2022இல் ‘தேங்க் காட்’ என்ற இந்திப் படத்திலும் அந்த மெட்டு ஒலித்தது. ஆனால் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரே பாட்டால் உலகை எட்டுவோருக்கு அந்தப் பாட்டுத்தான் முதுசொம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனின் பெயரைக் குறிப்பிடும் உரிமையையும் காக்கிறது. சட்டம் இருக்கிறது, வழக்கம்தான் தேய்ந்துவிட்டது.

முன்பு இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் மூவரையும் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். கிழக்கிலங்கையின் பிறை எப்எம் முதல் கொழும்பின் தனியார் அலைவரிசைகள் வரை எல்லா நிலையங்களும் அந்த வழக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும்.