கையுறை தொட்டாலும் அது தொடுதல்தான்

சென்ற பருவத்தில் உளவியல் பயிற்சி வகுப்பில், என் கையை ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். கண்ணெதிரே இருந்ததோ ஒரு ரப்பர் கை. தோழி ஒருத்தி என் கையையும் ரப்பர் கையையும் இரு தூரிகைகளால் ஒரே நேரத்தில் வருடினாள். சிறிது நேரத்தில், தூரிகை அந்த ரப்பர் கையில்தான் படுகிறது என்றே எனக்குத் தோன்றியது. திடீரென்று அவள் பேனா முனையை ரப்பர் கைமேல் இறக்கினாள். நான் வெடுக்கென்று என் கையை இழுத்துக்கொண்டேன். வகுப்பே சிரித்தது.

இந்த 'ரப்பர் கை மாயை'யை போட்வினிக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998ல் 'நேச்சர்' இதழில் விவரித்தனர். கண் காண்பதும் தோல் உணர்வதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தால், 'இது என் உடல்' என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. தூரிகைகள் முன்பின்னாக வருடினால் அந்த உணர்வு மங்கிவிடும். கணினி உருவாக்கிய கையையும் மூளை இப்படி ஏற்றுக்கொள்ளும் என்பதை 2008ல் மெல் ஸ்லேட்டர் குழுவினர் காட்டினர்.

இன்று அந்தத் தூரிகையின் வேலையைத் தொடுகைக் கையுறைகளும் மேலங்கிகளும் செய்கின்றன. மெய்நிகர் உலகில் ஒரு பொருளைத் தொட்டால், விரல் நுனியில் உள்ள சிறு மோட்டார் அதே கணத்தில் அதிர்கிறது. அறுவை சிகிச்சை பழகும் மாணவர்களுக்கு இது பெரிய உதவி. அதை நான் மறுக்கவில்லை.

என் கவலை வேறு. அந்த உலகில் ஒருவரது உருவத்தை இன்னொருவர் அத்துமீறித் தொட்டால், "விளையாட்டுதானே, கருவியைக் கழற்றிவிடு" என்கிறோம். நிஜ உடலில் நடக்கும் கொடுமையும் இதுவும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால், ரப்பர் என்று நன்றாகத் தெரிந்தும் என் கை பின்வாங்கியதே! மூளைக்கு ஒரு கணம் அது என் கைதான். மேலங்கியும் சேர்ந்து அதிர்ந்தால், 'வெறும் படம்' என்ற சமாதானம் எடுபடுமா?

அத்துமீறல் புகார்களுக்குப் பிறகு, 2022ல் மெட்டா நிறுவனம் தன் மெய்நிகர் தளத்தில் உருவங்களுக்கு இடையே சுமார் 4 அடி இடைவெளியைக் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம். ஆனால், புகார் வந்த பிறகு தரப்படும் சலுகையாக இது இருக்கக்கூடாது. தொடுகை வசதி முதலில் அணைக்கப்பட்டே இருக்கவேண்டும். யார் தொடலாம், எங்கே தொடலாம் என்பதை அணிபவரே முடிவு செய்யவேண்டும்.

பள்ளிகளில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இதையும் பேசுவோம். இந்தக் கருவிகளை முதலில் அணியப்போவது நம் தலைமுறைதான். அனுமதி கேட்கும் பழக்கத்தையும் நாமே தொடங்கி வைப்போமே!