வேளையைக் குலைத்துவிட்டு நிகழ்ச்சியைக் குற்றம் சொல்லலாமா?

சற்று நீளமான பதிவு. பொழுதிருப்பவர்கள் படிக்கலாம், மாறுபடுபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

'டாக்டர் ஹூ' தொடரின் எதிர்காலம் குறித்துப் பிரிட்டிஷ் ஏடுகளில் நடந்துவரும் விவாதத்தைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். டிஸ்னி நிறுவனம் பி.பி.சி.யுடனான கூட்டிலிருந்து விலகிய செய்தி 2025 அக்டோபரில் வெளியானது. 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி உண்டு என்றும், அதற்கடுத்த பருவம் பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும் என்றும் பி.பி.சி. கூறியது. அன்றுமுதல் ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. கதை நலிந்துவிட்டது என்கிறார் ஒருவர். நடிகர் தேர்வு பிழை என்கிறார் இன்னொருவர். மக்களின் சுவையே மாறிவிட்டது, அறுபதாண்டுத் தொடருக்கு இனி இடமில்லை என்று முடிவுரை எழுதிவிட்டார் மூன்றாமவர். ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை: அந்தத் தொடர் எப்போது ஒளிபரப்பானது?

என் கருத்து இதுதான். பார்வையாளர் எண்ணிக்கை என்பது நிகழ்ச்சியின் தகுதிக்குக் கிடைக்கும் மதிப்பெண் அன்று. நிகழ்ச்சியும் அது வைக்கப்பட்ட வேளையும் சேர்ந்து பெறும் மதிப்பெண் அது. ஒரு சொல்லின் பொருளை, அது வாக்கியத்தில் நிற்கும் இடத்தைப் பாராமல் உரைக்க முடியாது என்பது மொழியியலின் முதற்பாடம். தொலைக்காட்சிக்கும் அப்பாடம் பொருந்தும். வேளையைக் குலைத்துவிட்டு, விளைந்த எண்ணிக்கையைக் காட்டி நிகழ்ச்சியைத் தண்டிப்பது அளவீடு ஆகாது, அது அநீதி.

பிரிட்டனில் ஒளிபரப்பு வேளை என்பது தொடக்கம் முதலே ஒரு சமூக ஏற்பாடு. 1957 பிப்ரவரி வரை மாலை 6 மணி முதல் 7 மணி வரை அந்நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது. பெற்றோர் சிறுபிள்ளைகளைத் தூங்க வைப்பதற்காக அந்த ஒரு மணி நேரம் திரை இருண்டிருக்கும். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று காட்டினால்தான் அவர்கள் படுக்கைக்குப் போவார்கள் என்பது எண்ணம். விளம்பர வருவாயை நம்பிய ஐ.டி.வி. இதை எதிர்த்தது, 1957 பிப்ரவரி 16 அன்று அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. ஏற்பாடு போய்விட்டது. ஆனால் அதன் பின்னிருந்த அறிவு போகவில்லை: வீட்டில் யார், எந்த நேரத்தில், என்ன நிலையில் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே நிரல் வகுப்பவரின் தொழில்.

'டாக்டர் ஹூ' அந்த அறிவில் பிறந்த தொடர். சனிக்கிழமை மாலைகளில் பி.பி.சி.க்கு ஓர் இடைவெளி இருந்தது. 'கிராண்ட்ஸ்டாண்ட்' விளையாட்டு நிகழ்ச்சி கால்பந்து முடிவுகளோடு நிறைவுறும். அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தந்தையர். பின்னர் 'ஜூக் பாக்ஸ் ஜூரி' என்னும் இசை நிகழ்ச்சி வரும், அது பதின்பருவத்தினருக்கு. இரண்டுக்கும் நடுவில் எவரையும் எழுந்துபோக விடாத, சிறுவர் முதல் முதியோர் வரை சேர்ந்து பார்க்கத்தக்க ஒன்று வேண்டும் என்று நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் விரும்பினார். 1963 நவம்பர் 23 சனிக்கிழமை மாலை ஐந்தேகால் மணியளவில் முதல் பகுதி ஒளிபரப்பானது. முந்தைய நாள்தான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். துயரச் செய்திகளுக்கிடையே முதல் பகுதி சரியாகச் சேரவில்லை என்று உணர்ந்த பி.பி.சி., அடுத்த வாரம் அதை மறுபடியும் ஒளிபரப்பிவிட்டு இரண்டாம் பகுதியைத் தொடர்ந்தது. வேளை கெட்டதற்கு நிகழ்ச்சியைப் பழிக்காமல், வேளையைத் திருத்திய செயல் அது. சில வாரங்களில் டாலெக்குகள் வந்தன. பார்வையாளர் ஒரு கோடியை எட்டினர்.

இனி எண்ணிக்கைகளைக் கவனியுங்கள். 1979 அக்டோபரில் 'சிட்டி ஆஃப் டெத்' கதையின் கடைசிப் பகுதியை 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். நல்ல கதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாரங்களில் வேலைநிறுத்தத்தால் ஐ.டி.வி.யின் திரை ஏறக்குறைய நாடு முழுவதும் வெறுமையாக இருந்தது. மறு ஆண்டு அதே சனிக்கிழமை மாலையில், ஐ.டி.வி. அமெரிக்காவின் 'பக் ரோஜர்ஸ்' தொடரை எதிரே நிறுத்தியது. 'டாக்டர் ஹூ'வின் சராசரி 60 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதே நடிகர், அதே பெட்டி, அதே பாட்டு! 1982இல் தொடரை வார நாள்களுக்கு மாற்றி, வாரம் இருமுறை ஒளிபரப்பினார்கள். பழைய இரசிகர்கள் வருந்தினார்கள். ஆனால் சராசரி மீண்டும் 90 இலட்சத்தைத் தாண்டியது. ஆகவே சனிக்கிழமைதான் புனிதம் என்று நான் வாதிடவில்லை. வேளை விளைவை உண்டாக்குகிறது என்பதே என் வாதம். அது எந்தப் பக்கமும் சாயலாம்.

மூன்றாவது மாற்றந்தான் கொடுமையானது. 1985இல், பி.பி.சி. ஒன்றாம் அலைவரிசையின் பொறுப்பிலிருந்த மைக்கேல் கிரேட் தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்தி வைத்தார். திரும்பி வந்த தொடரை 1987இல் திங்கட்கிழமைக்கும், அடுத்த ஆண்டு புதன்கிழமைக்கும் மாற்றினார்கள். திங்களும் புதனும் இரவு ஏழரை மணி யாருக்குரியது என்பதைப் பிரிட்டனில் எல்லாரும் அறிவர்: 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'. 1960 டிசம்பர் முதல் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தொடரை அக்காலத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வழக்கமாகப் பார்த்தனர். அதன் எதிரே ஒரு சிறுவர் அறிபுனைத் தொடரை நிறுத்திவிட்டு, ஐம்பது இலட்சம் பேர்கூடத் தேறவில்லையே என்று கணக்குப் பார்த்தார்கள். 1989 டிசம்பர் 6 புதன்கிழமையோடு தொடர் நின்றது. மக்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2005 மார்ச் 26 சனிக்கிழமை மாலை 7 மணிக்கு அதே நாயகன் அதே நீலப் பெட்டியோடு வந்தபோது 1 கோடியே 8 இலட்சம் பேர் காத்திருந்தனர். புது எழுத்தும் பெரும்பொருட்செலவும் அதற்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. குடும்பம் கூடியிருக்கும் வேளையில் குடும்பத் தொடர் வந்ததும் ஒரு காரணமே.

2024இல் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வெள்ளி இரவு 7 மணிக்கு டிஸ்னி வெளியிட வேண்டும். உலகெங்கும் ஒரே கணத்தில் வெளியாக வேண்டும். ஆகவே புதிய பருவத்தின் பகுதிகள் பிரிட்டனில் நள்ளிரவு 12 மணிக்கு ஐபிளேயரில் வந்தன. சனிக்கிழமை மாலை பி.பி.சி. ஒன்றில் அவை ஒளிபரப்பானபோது கதையின் முடிவு பதினெட்டு மணி நேரம் பழையதாகியிருந்தது. பள்ளிச் சிறுவன் நள்ளிரவில் விழித்திருக்க மாட்டான். தீவிர இரசிகர் விழித்திருப்பார். எந்தக் குழந்தைகளுக்காகத் தொடர் பிறந்ததோ அவர்கள் மாலையில் வந்து அமரும்போது, மற்றவர்கள் பேசி முடித்திருந்தார்கள். மே 11 அன்று முதல் பகுதியைப் பி.பி.சி. ஒன்றில் பார்த்தவர்கள் 26 இலட்சம். ஒரு வாரத்துப் பார்வைகளையும் சேர்த்த பின் ஏறத்தாழ 40 இலட்சம். உடனே எழுதினார்கள்: தொடர் செத்துவிட்டது. அந்த வேளையைத் தேர்ந்தவர்களைப் பற்றி எழுதியோர் சிலரே.

வேளைக்கு ஏன் இவ்வளவு வலிமை? மாலினோவ்ஸ்கி 1923இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர் பேசுவது எப்போதும் செய்தி சொல்வதற்காக அன்று. 'நலமா', 'சாப்பிட்டாயிற்றா' என்பன போன்ற பேச்சுகள் உறவைப் பேணுவதற்காகவே நிகழ்கின்றன என்றார். 'நேற்றிரவு பார்த்தாயா?' என்பதும் அவ்வகைப் பேச்சே. அக்கேள்வி பிறக்க வேண்டுமாயின் 'நேற்றிரவு' என்பது இருவருக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். நீங்கள் மூன்றாம் பகுதியிலும் நான் ஆறாம் பகுதியிலும் இருந்தால், 'சொல்லிவிடாதே' என்பதே நம் உரையாடலின் முதலும் முடிவும் ஆகும். பார்வையாளர் என்னும் பன்மையைப் பொதுமக்கள் என்னும் ஒருமையாக்குவது ஒரே வேளைதான்.

இது வெறும் மனப்பதிவு அன்று. 1990 ஜூலை 4 அன்று இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதிய உலகக் கோப்பை அரையிறுதி முடிந்தபோது, பிரிட்டனின் மின்தேவை ஒரே வீச்சில் 2,800 மெகாவாட் உயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எழுந்து தேநீருக்கு வெந்நீர் வைத்தார்கள். நெடுந்தொடர்கள் முடியும் நேரத்தையும் கணக்கில் வைத்தே மின்தொகுப்புப் பொறியாளர்கள் வேலை செய்தார்கள்.

சமூக விளைவுக்கும் சான்று உண்டு. ஹொரைசன் என்னும் பழுதான கணினி மென்பொருளை நம்பி, 1999 முதல் 2015 வரை கிளை அஞ்சலகம் நடத்திய தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருடர்கள் எனத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் இந்திய வம்சாவளியினர் பலர். சீமா மிஸ்ரா கருவுற்றிருந்த நிலையில் சிறை சென்றார். இவை மறைவான செய்திகள் அல்ல. 2009 முதல் ஏடுகள் எழுதின. நீதிமன்றத் தீர்ப்புகளும் வந்தன. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் 4 வரை, அடுத்தடுத்த நான்கு இரவுகளில், 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆஃபீஸ்' நாடகத்தை ஐ.டி.வி. ஒளிபரப்பியது. நாடு விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் அது. ஒவ்வொரு காலையும் அலுவலகங்களில் அதே பேச்சு. ஜனவரி 10 அன்று பிரதமர் புதிய சட்டத்தை அறிவித்தார். மே மாதம் சட்டம் நிறைவேறித் தண்டனைகள் நீக்கப்பட்டன. வேளை மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் தெரிந்த செய்தி ஒன்று பொதுச் சினமாக மாறிய விதத்தில் வேளைக்குப் பங்கு உண்டு.

எதிர்வாதங்களை நான் அறியாமல் இல்லை. இரவுப் பணி செய்யும் செவிலிக்கு மாலை 7 மணி என்பது எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. 2007 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய ஐபிளேயர் அவருக்கு உண்மையான விடுதலை. ஒரே வேளை என்பது ஒரே வகைக் குடும்பத்துக்காக வகுக்கப்பட்ட வேளை என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. 'அடோலசன்ஸ்' நான்கு பகுதிகளும் 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் ஒரே நாளில் வெளியாகி, நாடாளுமன்றம் வரை பேசப்பட்டதே என்றும் கேட்கலாம். பேசப்பட்டது, ஐயமில்லை. ஆனால் நான்கே பகுதி கொண்ட அந்நாடகம் ஓர் இரவில் பார்த்து முடிக்கத்தக்கது. ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் உடன் வளர வேண்டிய தொடருக்கு அது முன்மாதிரி ஆகாது. மேலும், பின்னர் பார்க்கும் வசதியை எவரும் பறிக்கச் சொல்லவில்லை. முதல் காட்சி எப்போது என்பதே கேள்வி.

ஒரே வேளையின் காலம் முடிந்துவிட்டது என்போருக்கு இரண்டு அண்மைச் சான்றுகள். 2024 கிறிஸ்துமஸ் இரவு 'கேவின் அண்ட் ஸ்டேசி'யின் இறுதிப் பகுதியை அன்றிரவே 1 கோடியே 23 இலட்சம் பேர் பார்த்தனர். 2025 நவம்பர் 6 அன்று 'செலிப்ரிட்டி டிரெய்ட்டர்ஸ்' இறுதிப் பகுதிக்கு அன்றிரவே 1 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் திரண்டனர். இரண்டையும் நள்ளிரவில் முன்கூட்டியே இணையத்தில் இறைத்துவிடவில்லை. மக்கள் வேளையை மறக்கவில்லை. நிறுவனங்களே மறந்தன.

ஆகவே பி.பி.சி. செய்ய வேண்டியவை மூன்று. குடும்பத் தொடர்களின் முதல் காட்சி பொது அலைவரிசையில் குறித்த வேளையில் நிகழ வேண்டும். இணையத்தில் அதே கணத்தில் வரட்டும், முன்னரே வர வேண்டாம். தொடங்கிய வேளையை இரண்டு பருவங்களேனும் மாற்றாமல் காக்க வேண்டும். வேரூன்றும் முன் பிடுங்கி நட்டால் எச்செடியும் வாடும். ஒரு தொடரை நிறுத்துமுன், அது எந்த நாளில், எதற்கு எதிரே, எத்தனை முறை இடம் மாற்றி வைக்கப்பட்டது என்பதையும் எண்ணிக்கையோடு சேர்த்து வெளியிட வேண்டும்.

பி.பி.சி.யின் இன்றைய சாசனம் 2027 இறுதியில் முடிவடைகிறது. தொலைக்காட்சி உரிமக் கட்டணம் தொடருமா, வேறு வடிவம் எடுக்குமா என்ற வழக்கு அதற்குள் தீர்க்கப்பட வேண்டும். எல்லாரிடமும் பணம் பெறும் நிறுவனம் எல்லாரையும் ஒருசேரக் கூட்டுவதாலேயே தன்னை நியாயப்படுத்த முடியும். அவரவர்க்கு வேண்டியதை அவரவர் நேரத்தில் தருவதற்குத் தனியார் நிறுவனங்கள் பல இருக்கின்றன. அந்தப் போட்டியில் பி.பி.சி. வெல்லப்போவதில்லை. பொது வேளை அதன் கையிலிருக்கும் கடைசிப் பொதுச்சொத்து. அதையும் தானே கலைத்துவிட்டால், கட்டணம் எதற்கு என்று கேட்பவருக்கு விடை சொல்ல இயலாது.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள். 'கதை சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், எந்தக் கிழமை, எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் உரையாடல் பயன்படும்.