ஆங்கிலத்தில் எல்லோரும் பாஸ்

பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு வருகிற கையேடுகளில் 'பொதுப் பத்தி' என்று ஒன்று உண்டு. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடத்தின் பெயருக்கும் ஆசிரியர் பெயருக்கும் இடம் விட்டு, மற்றதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த பத்தி அது. பாடம் அருமையானது, ஆசிரியர் அழகாக எழுதியிருக்கிறார், வாழ்க்கைக்குத் தேவையான கருத்தைச் சொல்கிறார், நாமும் பின்பற்ற வேண்டும். இந்த ரகம்தான். டால்ஸ்டாய் வந்தாலும் அதே பத்தி, ஜார்ஜ் ஆர்வெல் வந்தாலும் அதே பத்தி. 'மெல்லக் கற்போர்' என்று நாமே முத்திரை குத்திய பிள்ளைகளுக்காகத் தயாரானது. இதை எழுதினால் ஐந்துக்கு ஒன்றிரண்டாவது விழும் என்ற நம்பிக்கையில்தான் அது கைமாறுகிறது.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் மனப்பாடம் செய்கிற பையனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவன் செய்வதில் தப்பே இல்லை. கேள்வி எதுவானாலும் ஒரே பதில் செல்லும் என்றால், புத்தி உள்ளவன் அந்த ஒரு பதிலைத்தான் படிப்பான். கேட்க வேண்டியது கேள்வித்தாளைத்தான்: நீ எதை அளக்கிறாய்?

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வியாதி இது. டெஸ்ட் கேஸ்கள் முன்பே தெரிந்துவிட்டால், அந்த விடைகளை மட்டும் திருப்பித் தருகிற மாதிரி கோடு எழுதிவிடலாம். எல்லா டெஸ்ட்டும் பச்சை காட்டும். வாடிக்கையாளர் கைக்குப் போன அன்றைக்குத்தான் உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் நாம் வருடா வருடம் 7 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் இப்படிப் பச்சை விளக்கு காட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இருக்கிற முறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். முன்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள், மொத்தம் 200 மதிப்பெண். 2018-19 முதல் ஒரே தாள். எழுத்துக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90-இல் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள்: பொருள், எதிர்ச்சொல், அசை பிரித்தல் வகையறா. செய்யுள் வரியைக் கொடுத்து இடஞ்சுட்டி விளக்கச் சொல்கிற கேள்விகள் உண்டு. இன்ன பாடலில் வருகிறது, எழுதியவர் இன்னார் என்று அச்சில் வார்த்த மாதிரி தொடங்க வேண்டும். பிறகு உரைநடை, செய்யுள், துணைப்பாடம் மூன்றிலிருந்தும் பத்தி விடைகள். எந்தப் பாடத்தில் என்ன கேள்வி வரும் என்பது புத்தகத்தின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. விடை கைடில் இருக்கிறது. முன்பின் பார்த்திராத ஒரு பகுதியைப் படித்துப் பதில் சொல்வது தாளின் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. பேசுவதை யாரும் கேட்பதே இல்லை. இரண்டு தாள் இருந்த காலத்தில் கொஞ்ச வருடங்கள் கேட்டல், பேசுதலுக்கு 20 மதிப்பெண் வைத்திருந்தார்கள். யாரையும் பேசவைக்காமலே அந்த இருபதையும் அள்ளிப் போட்ட பள்ளிகளில் படித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். இன்றைய 10 அகமதிப்பெண்ணில் வகுப்புக்கு ஒழுங்காக வந்ததற்கும் பங்கு உண்டு. வருகைப் பதிவேட்டுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால் புத்தகம் மோசமில்லை. 2019-இல் வந்த புதிய பாடநூலில் ஆர்வெல் தேநீர் பற்றி எழுதிய கட்டுரை இருக்கிறது. ஏ.ஜி.கார்டினர் இருக்கிறார். தோரு தத்தின் சவுக்கு மரம் இருக்கிறது. டால்ஸ்டாய், ரே பிராட்பரி கதைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல் நம்ம கி.ரா.வின் 'நாற்காலி' ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கிறது. நாற்காலியே இல்லாத வீட்டுக்கு ஒரு நாற்காலி வருகிறது. அப்புறம் ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை உட்காரவைக்க அதைத்தான் இரவல் கேட்டு வருகிறார்கள். படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்கவே முடியாத கதை. அந்தக் கதையைத் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் ஆங்கிலத்தில், சிரிக்காமல், பத்தியாக உருப்போடுகிறான். கி.ரா.வைக்கூட உருப்போடவைக்கிற சாமர்த்தியம் நம்முடைய தேர்வுத்துறைக்கு மட்டுமே உண்டு.

எங்கள் பக்கம், திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றி, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனவர்களுக்கு அளப்பது என்றால் என்னவென்று தெரியும். மூட்டை தைக்கும் முன் நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பார்கள். பதர் எவ்வளவு, கருக்காய் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மீட்டரில் போட்டு ஈரம் பார்ப்பார்கள். 17 சதவீதம் வரம்பு. அறுப்பு நேரத்தில் மழை பெய்து கெடுத்துவிட்டால் 20 ஆக்கு, 22 ஆக்கு என்று விவசாயிகள் கேட்பார்கள், மாநில அரசும் ஒன்றிய அரசுக்கு எழுதும். அது நியாயமான கோரிக்கை. ஆனால் கவனியுங்கள், வரம்பைத்தான் தளர்த்தச் சொல்கிறார்கள். மீட்டரை உடைத்துப் போடு என்று எந்த விவசாயியும் கேட்டதில்லை. ஈரம் எவ்வளவு என்று அவனுக்கும் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் பத்தாயத்தில் கொட்டினால் அவன் நெல்தான் முளைத்துப் போகும்.

ஆங்கிலத் தேர்வில் நாம் மீட்டரை உடைத்திருக்கிறோம். அதற்குக் கருணை என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

"கஷ்டமா கேட்டா கிராமத்துப் பசங்க பெயிலாயிடுவாங்க சார்." இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் எல்லாச் சீர்திருத்தப் பேச்சும் மூடப்படுகிறது. இதன் பின்னால் உள்ள பயம் பொய் என்று சொல்லமாட்டேன். அதற்கான சாட்சி எங்கள் டெல்டாவிலேயே இருக்கிறது. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். உலகத்தையே திருப்பிப் போட்ட கணிதம் கையில் இருந்தும் அந்தக் காலத்து ஆங்கிலத் தாள் அவரைத் தெருவில் நிறுத்தியது. அதே ஆங்கிலத்தில் ஏறி மேலே போனவர்களும் இங்கே உண்டு. திருக்காட்டுப்பள்ளி அருகே பழமார்நேரியில் 1864-இல் பிறந்த சர் பி.எஸ்.சிவசாமி ஐயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி ஆங்கிலப் பேச்சுக்கே பெயர் வாங்கினார். அன்றைக்கு டெல்டாவில் அந்த ஆங்கிலம் எந்தத் தெருவில் கிடைத்தது, எந்தத் தெருவில் கிடைக்கவில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கதவை உடைத்தது சரி. ஆங்கிலத்தில் தவறியதால் இனி எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கக் கூடாது.

ஆனால் தேறவைப்பது வேறு, அளப்பது வேறு. 35 என்ற வரம்பு அதிகம் என்றால் 25 ஆக்குங்கள். ஆங்கிலத்துக்குத் தேர்ச்சி வரம்பே வேண்டாம் என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் பாஸும் கிடையாது, பெயிலும் கிடையாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தனித்தனியாக ஒன்பதுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையைச் சொல்வதற்கு யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகிறது? நகரத்தில், ஆங்கிலம் புழங்குகிற வீட்டில் வளர்கிற பெண்ணுக்கு இந்தத் தேர்வு தேவையே இல்லை. அவள் ஆங்கிலத்தை அப்பா அளக்கிறார், நண்பர்கள் அளக்கிறார்கள், பார்க்கிற சீரியல் அளக்கிறது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவுக்குப் போகிற ஒரு அம்மாவின் பையனுக்கு, நீ எங்கே நிற்கிறாய் தம்பி என்று சொல்ல இந்த ஒரு தேர்வைத் தவிர வேறு நாதியில்லை. அதுவும் அவனிடம் பொய் சொல்கிறது. 92 என்கிறது. அவன் நம்புகிறான். அவன் அம்மாவும் நம்புகிறாள்.

நிஜத் தேர்வு அவனுக்குப் பிறகு வருகிறது. அதற்குப் பாடத்திட்டம் கிடையாது, கைடு கிடையாது. நான் நேர்காணல் எடுக்கிற பக்கம் உட்காருகிறவன். தர்க்கம் பிரமாதமாக வருகிற பையன்கள், இரண்டு பத்தி ஆங்கிலத்தில் இருக்கிற கணக்கைப் படித்துவிட்டு என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பிடிபடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். மதிப்பெண் பட்டியலில் ஆங்கிலம் தொண்ணூறுக்கு மேல் இருக்கும். கடைசியில் படிவத்தில் 'கம்யூனிகேஷன் சரியில்லை' என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் உச்சரிப்பு, ஊர், சாதி, சட்டை என்று எல்லாமே ஒளிந்துகொள்ளும். அது அநியாயம்தான், அதை எதிர்த்தும் பேச வேண்டும். ஆனால் அந்த அநியாயத்துக்கு வசதி செய்து கொடுப்பது, பள்ளியில் நாம் கொடுத்த பொய்ச் சான்று. பதினேழு வயதில் இலவசமாகக் கேட்டிருக்க வேண்டிய உண்மையை அவன் இருபத்திரண்டு வயதில், வேலையை இழந்து கேட்கிறான்.

உண்மையை அளப்பது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. கிராமப்புற இளைஞர்களிடம் நடத்தப்பட்ட 2023 'அசர்' கணக்கெடுப்பில், 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் எளிய ஆங்கில வாக்கியங்களைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். 57.3 சதவீதம் பேர் வாசித்தார்கள். பிறகு, அர்த்தம் சொல்லு என்றார்கள். வாசித்தவர்களில் 73.5 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். வாசிப்பது ஒன்று, புரிவது இன்னொன்று. வீட்டு வாசலில் சில நிமிடத்தில் பிரித்துக் காட்டிய இந்த வித்தியாசத்தை நம்முடைய மூன்று மணி நேரத் தேர்வு கடைசி வரை காட்டுவதில்லை.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டம் வரும். "அப்ப இலக்கியத்தைத் தூக்கிடுங்க சார். ஈமெயில் எழுத, இன்டர்வியூல பேசச் சொல்லிக் கொடுங்க, போதும்." கேட்க நடைமுறை ஞானம் மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் முன்னதைவிட மோசமான அவமதிப்பு இது. நகரத்துப் பிள்ளைக்கு ஷேக்ஸ்பியர், டெல்டாப் பிள்ளைக்கு விடுப்பு விண்ணப்பமா? ஒருவர் சொல்வதற்கும் நினைப்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கதை படித்தவன்தான் பிடிப்பான். வேலை ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தையும் மேலாளரின் இனிப்பான மின்னஞ்சலையும் படிக்க அந்தப் பயிற்சிதான் வேண்டும். இலக்கியம் இருக்கட்டும், அதைக் கேட்கிற விதம் மாறட்டும்.

எப்படிக் கேட்பது? இதே புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன். ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரையில் நல்ல தேநீருக்குப் பதினோரு விதி சொல்கிறார். அந்த விதிகளை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக் காபிக்கோ கடைத்தெரு டீக்கோ ஐந்து விதி எழுது, அதில் எதற்கு உன் பாட்டி சண்டைக்கு வருவார் என்றும் எழுது என்று கேளுங்கள். ஆர்வெலின் தொனி பிடிபட்டதா என்று இரண்டாவது வரியில் தெரிந்துவிடும். கார்டினரின் கட்டுரையில் ஒரு மூதாட்டி சுதந்திரம் வந்துவிட்டது என்று நடுத்தெருவில் நடக்கிறாள். எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் நெல் காயும். வண்டிக்காரனுக்கும் விவசாயிக்கும் நடுவில் கார்டினர் யார் பக்கம் நிற்பார், நீ யார் பக்கம் நிற்பாய் என்று கேளுங்கள். 'நாற்காலி'யில் ஒரு பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து, எந்தச் சொல் அந்தப் பக்கம் போகும்போது சிரிப்பைத் தொலைத்தது என்று கேளுங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதட்டும். இதற்குப் பொதுப் பத்தி எழுத எந்தக் கைடுக்காரராலும் ஆகாது.

7 லட்சம் விடைத்தாளை ஒரே மாதிரி எப்படித் திருத்துவது என்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே நாளில் தாள் முழுவதையும் மாற்ற வேண்டாம், 90-இல் 30-ஐ முதலில் இப்படி மாற்றுங்கள். எழுதியவனுக்குப் புரிந்திருக்கிறதா, காரணம் சொல்கிறானா, வாக்கியம் நிற்கிறதா என்ற மூன்று அளவுகோல் போதும். கரும்பலகையில் விடை எழுதிப்போடுவதோடு நின்றுவிடாத ஆங்கில ஆசிரியர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை நம்புங்கள். பேச்சுக்கு, இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து 'எக்ஸ்டர்னல்' வருகிற மாதிரியே ஒருவர் வரட்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம்.

"செய்முறையிலயே எல்லாருக்கும் ஃபுல் மார்க்தானே சார் போடுறாங்க" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வாஸ்தவம். அங்கே ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃப் இறங்கும், சீட் போகும். மனசு இளகாத எக்ஸ்டர்னல் யார் இருக்கிறார்? ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சிக்கலே இல்லை. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200. ஆங்கிலத்துக்குச் சுழியம். மருத்துவத்துக்கு நீட். ஆங்கிலத்தில் ஒருவன் 92 வாங்கினாலும் 48 வாங்கினாலும் சீட்டில் மாற்றமில்லை. நம் தேர்வு முறையில் உண்மை சொன்னால் யாருக்கும் சேதாரமில்லாத பாடம் ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். அந்தப் பாடத்தில்தான் நாம் துணிந்து பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பையனுக்கு 48 என்று போடுங்கள். கூடவே, வாசிப்பில் நன்றாக இருக்கிறாய், எழுதும்போது வாக்கியம் உடைகிறது, பேச இன்னும் கூச்சம் இருக்கிறது என்று மூன்று வரி எழுதிக் கொடுங்கள். கையில் நான்கு வருடம் இருக்கிறது, அவன் பார்த்துக்கொள்வான். 92 என்று பொய் சொல்லி அனுப்பினால் அந்த நான்கு வருடமும் அவனுக்குக் கிடைக்காது.