எந்திரம் எசமான் ஆகலாமா?

செயற்கை நுண்ணறிவு! கோட்டையிலும் அதே பேச்சு, கடைத்தெருவிலும் அதே பேச்சு. 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை இதற்கென 10,372 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தரட்டும்! எந்திரம் கண்டு அஞ்சுவோர் அல்லர் நாம். ஆனால், அந்த அறிவு யாரை அறியும், யாரை அறியாது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

இராமநாதபுரம் கரையைப் பாருங்கள். பின்தங்கிய மாவட்டம் என்று 2018-இல் ஒன்றிய அரசே பட்டியலிட்ட பூமி. மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையைத் துழாவுகிறார்கள். உப்பும் வெயிலும் உழுத அந்த முகங்களை எந்திரம் பிழையின்றி அறியுமா? வீண் கேள்வியா இது? அங்கன்வாடியில் தாய்மார் வீட்டுக்கு வாங்கிச் செல்லும் சத்துணவுக்கு, 2025 ஜூலை 1 முதல் முக அடையாளம் கட்டாயம் என்றது ஒன்றிய அரசு. 'இவள் அவளல்ல' என்று எந்திரம் சொல்லிவிட்டால், அந்தத் தாய் யாரிடம் முறையிடுவாள்?

எந்திரம் தவறாது என்பாரும் உளர். செல்வம் கொழிக்கும் நெதர்லாந்தில் நடந்தது என்ன? குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி தேடக் கணிப்பொறியை நம்பிற்று வரித்துறை. அயல்நாட்டுக் குடியுரிமையே ஐயத்துக்குக் காரணமாயிற்று. குற்றமற்ற பெற்றோர் பல்லாயிரவர் கடனாளியாயினர். 2021 சனவரியில் அமைச்சரவையே பதவி விலகிற்று. அங்கே ஆட்சி கவிழ்ந்தது. இங்கே ஒரு குடிசையில் அடுப்பு அணைந்தால், அது யார் காதுக்கு எட்டும்?

வழி இல்லாமலில்லை. பாதுகாப்பான, அறநெறி வழுவாத செயற்கை நுண்ணறிவுக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2020-லேயே வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, பொறுப்பு, சமநீதி, எளியோரைப் பற்றிய தரவுக் குறைவு — அத்தனையும் அதில் உண்டு. ஏட்டில் இருப்பது கரைக்கு வரட்டும்!

நாம் கேட்பவை இவை. உணவையும் உதவியையும் தீர்மானிக்கும் எந்திரத்தைப் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் சோதியுங்கள். எத்தனை பேரைத் தவறாகத் தள்ளிற்று என்பதைத் தமிழில் அறிவியுங்கள். எந்திரம் மறுத்தாலும், அன்றைய உணவை அன்றே வழங்கும் அதிகாரத்தை அங்கன்வாடிப் பணியாளருக்குக் கொடுங்கள். வாடையும் கச்சானும் அறிந்த மீனவர் பேச்சை எந்திரத்துக்குக் கற்பிப்பதானால், அவர்தம் இசைவைப் பெறுங்கள், ஊதியமும் தாருங்கள். மீனவர்க்கென 2016-இல் பாம்பனில் தொடங்கிய 'கடல் ஓசை' வானொலி, கரையின் குரலைக் கேட்பது எப்படி என்று காட்டியிருக்கிறதே!

சலுகை கேட்கவில்லை நாம். கணக்கில் எங்களையும் சேர்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள் என்கிறோம். இது தவறா?