தானே சாய்த்த பலா… தங்கைக்கு ஒரு பேஸ் கிடார்!

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது என்பது பலருக்கும் தெரியும். அந்த மரத்துக்காக வீணை செய்கிறவர்கள் தேடி வரும் ஊர்களில் எங்கள் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி முக்கியமானது. பண்ருட்டி என்றதும் சுளையை மட்டுமே நினைப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். பூச்சி சீக்கிரம் அரிக்காத, உளிக்கு ஒத்துழைக்கிற, வயதாக ஆக மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு மாறுகிற மரம் அது.

"வீணைக்குப் போற மரம் பேஸ் கிடாருக்குப் போகாதாக்கா?" என்று கேட்டாள் என் தங்கை.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 1929-லேயே இசைக் கல்லூரி தொடங்கப்பட்ட வளாகம்; இவள் படிப்பதென்னவோ வேறு பாடம். தோழிகளோடு ஒரு பேண்டு. இரவல் பேஸில் வாசிக்கிறாள். பேஸ் என்றால் நான்கு தடித்த கம்பிகள். அடிக்கம்பியின் சுருதி விநாடிக்கு 41 அதிர்வுகள்தான். செல்போன் ஸ்பீக்கரில் அது சரியாகக் கேட்காது. இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்ததையும் ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும்.

சரி, மரத்துக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த தானே புயலில், பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் தாத்தா வைத்த பலாவும் அதில் போனது. மாமா அதை விறகுக்கு விடவில்லை. அறுத்து, இடையிடையே ரீப்பர் கொடுத்து, காற்றோட்டமாகப் பரணில் அடுக்கிவிட்டார். ஜன்னல், அலமாரி என்று ஒவ்வொன்றாகப் போக, மிச்சமிருப்பது ஒரே ஒரு பலகை. நாலடி நீளம், எட்டு அங்குல அகலம், இரண்டு அங்குல கனம். அம்மாவின் கணக்கில் அது பூஜை அறைக் கதவு.

"வெட்டிப் பாழாக்கினீங்கன்னா ரெண்டு பேருக்கும் இருக்கு" என்ற எச்சரிக்கையோடு பலகை எங்கள் கைக்கு வந்தது. அதனால்தான் மூன்று மாதமாக ரம்பத்தைத் தொடாமல் சார்ட் பேப்பரையும் ஸ்கேலையும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது கம்பியின் நீளம். 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் அது 34 அங்குலம். இன்றுவரை கடையில் தொங்கும் பெரும்பாலான பேஸ்களும் அதே நீளம்தான். தங்கையின் கை சின்னது. 34 அங்குலத்தில் முதல் நான்கு கட்டங்களைத் தாண்ட விரல்கள் 178 மில்லிமீட்டர் விரிய வேண்டும். 30 அங்குலமாகக் குறைத்தால் 157 போதும். பால் மெக்கார்ட்னி பிரபலமாக்கிய ஹோஃப்னர் 'வயலின் பேஸ்' கூட 30 அங்குலம்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு இருந்த கூச்சமும் போய்விட்டது. நீளம் குறைந்தால் கம்பியின் இறுக்கம் குறையும், அடிக்கம்பி கொஞ்சம் தொளதொளக்கும். அதற்குச் சற்றுத் தடித்த கம்பி போட வேண்டும். அந்த அளவுக் கம்பி எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதையும் இப்போதே கணக்கில் வைக்க வேண்டும்.

கழுத்தை நாங்கள் செய்யப்போவதில்லை. வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்தி வைக்கலாம். கிடாரில் விரல்பலகையை அறுத்துக் கம்பியைச் செருகிவிடுவார்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளி அறுத்தால், ஆயுளுக்கும் அந்த ஸ்வரம் பிசகுதான். போதாததற்கு நான்கு கம்பிகளும் சேர்ந்து அறுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்கக் கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஒன்றை வைத்து, முறுக்கிச் சரிசெய்ய வழியும் விட வேண்டும். இருப்பது ஒரே பலகை என்கிறபோது இதிலெல்லாம் வீரம் காட்டக் கூடாது. மேப்பிள் மரத்தில் ரெடிமேட் கழுத்து வாங்கித் திருகாணியில் பூட்டப்போகிறோம். 'கஸ்டம்' என்று சொல்லிவிட்டுக் கழுத்தைக் கடையில் வாங்குவதா என்று கேட்டார்கள் பேண்டு தோழிகள். தாராளமாக வாங்கலாம் என்பது என் கட்சி.

எங்களை அதிகம் படுத்திய விஷயம் எடை. பலகையைத் தராசில் வைத்தோம். எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நீள அகலத்தோடு வகுத்துப் பார்த்தால் ஒரு லிட்டர் மரம் சுமார் 620 கிராம். வழக்கமாக உடலுக்குப் போடும் ஆல்டர் மரம் 450 கிராம் அளவில் இருக்கும். எங்கள் வரைபடத்தின்படி உடல் மட்டுமே 2.4 கிலோ. கழுத்து, சாவிகள், குதிரை என்று சேர்த்தால் நாலு கிலோவைத் தாண்டும். தங்கைக்கு இரவல் பேஸிலேயே தோள்வலி. எனவே உள்ளே குடைந்து அரைக் கிலோ எடுத்துவிடலாம் என்று கிளம்பினோம்.

அங்கேதான் சிக்கல். உடல் லேசானால் தலை கனக்கும். கையை எடுத்தால் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும். இடது கை வாசிப்பதை விட்டுவிட்டுத் தூக்கிப் பிடிக்கிற வேலையைப் பார்க்கும். இதற்கு மருந்து உடலின் மேல் கொம்பில் இருக்கிறது. தோள்பட்டை வார் மாட்டும் இடம் பன்னிரண்டாவது கட்டத்துக்கு நேராக வந்தால் தராசு நிற்கும். கொம்பை நீட்டினோம். பார்க்க மான் மாதிரி ஆகிவிட்டது. அட்டையில் வெட்டி, வார் கட்டி, கண்ணாடி முன்னால் நின்று பார்த்துப் பார்த்து நான்கு தடவை திருத்தினாள். சாவிகளையும் சின்னதாக, எடை குறைந்ததாக மாற்றினோம். இப்போது கணக்கில் 3.6 கிலோ.

மரம் மாறினால் ஒலி மாறும் என்று கிடார்காரர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். குடத்தில் ஒலி பிறக்கிற வீணைக்கு அது சரி. மின்சார பேஸில் காந்தமும் செப்புச்சுருளும் கம்பியின் அசைவைத்தான் பிடிக்கின்றன. பலா தனி நாதம் தரும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தாத்தாவின் மரம் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

அந்தக் காந்தச் சமாசாரம், அதாவது பிக்கப், ஒன்று போதும் என்று முடிவு. கல்லூரி மேடைகளில் ஒயரிங் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் பேஸின் அடிக்கம்பி 41-க்கும் அடுத்த கம்பி 55-க்கும் சரியாக நடுவில் வந்து உட்காரும். 1957-இல் ஃபெண்டர் தன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி இந்த இரைச்சலை அடித்துக்கொள்ளச் செய்தது. அதே வகைதான் எங்களுக்கும்.

வெட்டப்போகிறவர் சிதம்பரத்தில் கதவு, நிலை செய்கிற ஆசாரி ஒருவர். கிடார் செய்ததில்லை. வரைபடத்தை ஐந்து நிமிடம் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வியே என்னை அசத்தியது.

"கழுத்து எங்கம்மா?"

"ஆர்டர் போட்டிருக்கோம்ண்ணே, இன்னும் வரலை."

"வரட்டும். பொருளைக் கையில வெச்சுத்தான் குழி எடுக்கணும். பேப்பர்ல இருக்கிற அளவை நம்பி எடுத்தா ஆடும்."

குதிரையின் இடமும் அப்படித்தான். நட்டிலிருந்து பன்னிரண்டாவது கட்டம் வரை அளந்து, அதை இரட்டித்தால் வருகிற புள்ளி அது. தடித்த கம்பிக்குச் சில மில்லிமீட்டர் கூடுதல் நீளம் தேவைப்படும் என்பதால் பின்னால் நகர இடம் விட்டு வைக்க வேண்டும். கழுத்து வராமல் இதில் எதையும் குறிக்க முடியாது. பலகையை இரண்டாக அறுத்து, பக்கவாட்டில் ஒட்டி, அகலத்தைக் கூட்டுவது மட்டும் முன்பே செய்யலாம் என்றார். அதையும் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான்.

பலகையைக் கடலூரிலிருந்து பஸ்ஸில்தான் கொண்டுபோனேன். "கட்டில் சட்டமா?" என்றார் கண்டக்டர். பேஸ் கிடார் என்றேன். லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

இதுவரை பாகங்களுக்கான பட்ஜெட் 18,000 ரூபாய். அதில் பாதி தங்கை டியூஷன் எடுத்துச் சேர்த்தது. கழுத்து வந்ததும் ஆசாரி அண்ணன் முதலில் பழைய பிளைவுட்டில் ஓர் உடல் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் எல்லாவற்றையும் பூட்டி, கம்பி கட்டி, ஒரு வாரம் அவள் வாசித்துப் பார்க்க வேண்டும். தோள் வலிக்கவில்லை என்றால் பலகை ரம்பத்துக்குப் போகும். வலித்தால் கொம்பை மறுபடி வரைவோம். ஒட்டியது போக மிஞ்சும் துண்டுகளில் பூஜை அறைக்கு ஒரு மணைப்பலகையாவது வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.