யாரும் குடியிராத விலாசம்

ஒரு வங்கிக்கோ தபால் வழி வியாபாரத்துக்கோ புதிதாக சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மக்கள் கையில் கொடுக்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்க ஆட்கள் வேண்டும். ஒரு பத்தாயிரம் பேராவது. அவர்களுக்குப் பெயர், வீட்டு எண், தெரு, ஊர், மாநிலம், பின்கோடு எல்லாம் இருக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட உலகத்தில் இருக்கக் கூடாது.

இப்படி இல்லாத மனிதர்களை ஜோடித்துத் தருவதற்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. பொத்தானைத் தட்டினால் விலாசங்கள் கொட்டும். ஆனால் அவசரத்தில் இருக்கும் கம்பெனிக்கு அதைவிடச் சுலபமான வழி ஒன்று கைவசம் உண்டு. நிஜ வாடிக்கையாளர்களின் பட்டியலையே ஒரு பிரதி எடுத்து, சோதனை செய்யும் இளைஞர்களிடம் கொடுத்துவிடுவது. வங்கியின் பிரதான கம்ப்யூட்டருக்கு ஏழு பூட்டுப் போடுவார்கள். இந்தப் பிரதி யார் யாருடைய மேஜையில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. உங்கள் வீட்டு விலாசம் இப்படி எத்தனை மேஜைகளில் கிடக்கிறதோ!

பெயரை மட்டும் அழித்துவிட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. லட்டானியா ஸ்வீனி என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 2000-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற விவரம், ஐந்து இலக்க ஜிப் கோடு - இந்த மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்க ஜனத்தொகையில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாக அடையாளம் கண்டுவிட முடியும் என்றது அந்தக் கணக்கு. பெயர் தேவையே இல்லை. நம் ஊரில் ஒரு பின்கோடுக்குள் ஜனங்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பின்கோடுடன் தெருப் பெயரும் சேர்ந்தால் அந்த ஆறுதலும் போய்விடும்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காரியத்துக்கென்று சம்மதம் வாங்கிப் பெற்ற விவரத்தை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின. சட்டம் படிப்படியாக அமலுக்கு வருகிறது. கடன் வாங்க நீங்கள் கொடுத்த விலாசம் சாஃப்ட்வேர் சோதனைக்குக் கொடுத்த விலாசம் ஆகாது என்பதை இனியாவது கம்பெனிகள் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கற்பனை விலாசமே போடுவோம் என்று முடிவு செய்தாலும் வில்லங்கம் தீர்வதில்லை. எதையாவது எழுதி நிரப்பினால் என்ன என்பவர்கள் அமெரிக்காவின் கேன்ஸஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்டர்நெட்டில் இணையும் கம்ப்யூட்டர்களுக்கு ஐ.பி. எண் உண்டு. எந்த எண் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும் தொழிலைச் செய்கிறது மேக்ஸ்மைண்ட் என்ற கம்பெனி. சில எண்களுக்கு 'அமெரிக்காவில் எங்கோ' என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அந்த இடத்தில் ஏதாவது நிரப்ப வேண்டுமே? தேசத்தின் நட்ட நடுவைப் போட்டார்கள். அதிலும் தசம புள்ளிகள் தொல்லை என்று முழு எண்ணாக்கி, வடக்கு 38, மேற்கு 97 என்று வைத்துவிட்டார்கள். அந்தப் புள்ளி பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் விழுந்தது.

2002-லிருந்து அப்படி 60 கோடி எண்கள் அந்த முற்றத்தில் வந்து குவிந்தன. அவற்றில் எதிலிருந்தோ யாரோ மோசடி செய்வார். போலீஸ் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டும். ஓடிப்போன பிள்ளையைத் தேடி வருவார்கள். வரி அதிகாரிகள் வருவார்கள். யாரோ தற்கொலை செய்துகொள்ளப் போவதாகத் தகவல் வந்து ஆம்புலன்ஸ் வரும். வீட்டுக்குச் சொந்தக்காரரான முதிய பெண்மணிக்கோ குடியிருந்தவர்களுக்கோ என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. கடைசியில் உள்ளூர் ஷெரீஃப், விசாரிப்பதென்றால் முதலில் என்னிடம் வாருங்கள் என்று வாசலில் பலகை வைக்க வேண்டியதாயிற்று. 2016-ல் ஒரு பத்திரிகையாளர் விஷயத்தைத் துருவி எடுத்த பிறகுதான் கம்பெனி அந்தப் புள்ளியை நகர்த்தியது, ஓர் ஏரியின் நடுவுக்கு. பதினான்கு வருஷம் கழித்து!

இதற்கும் முன்னோடி உண்டு. 1938-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பர்ஸ் கம்பெனி, புதிதாக வந்திருந்த அரசாங்க சமூகப் பாதுகாப்பு அட்டை பர்ஸுக்குள் பொருந்தும் என்று காட்ட, மாதிரி அட்டை ஒன்றைச் செருகி விற்றது. 'மாதிரி' என்று அச்சடித்தும் இருந்தது. ஆனால் அதிலிருந்த எண் கம்பெனியின் உபதலைவருடைய செக்ரெட்டரியின் நிஜ எண். பர்ஸ் வாங்கியவர்கள் அதையே தங்கள் எண்ணாக எழுத ஆரம்பித்தார்கள். 1943-ல் 5,755 பேர் அதைப் பயன்படுத்திக் கொண்டிருந்தார்கள். 1977-லும் 12 பேர் விடவில்லை.

ஆகவே பொய்க்கும் ஒரு பட்டா வேண்டியிருக்கிறது. டெலிபோன் விஷயத்தில் அமெரிக்கர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 555-0100 முதல் 555-0199 வரை கதைக்கும் சினிமாவுக்கும் என்று ஒதுக்கப்பட்டவை. இன்டர்நெட்டில் 'எக்ஸாம்பிள் டாட் காம்' என்ற பெயரை 1999-லேயே உதாரணங்களுக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். யாரும் அதை விலைக்கு வாங்க முடியாது.

நம் பின்கோடுக்கு வருவோம். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரியின் யோசனையில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. சத்தீஸ்கரில் ஒரு பிலாஸ்பூர், ஹிமாசலப் பிரதேசத்தில் ஒரு பிலாஸ்பூர் என்று இருக்கும் தேசத்தில், எத்தனையோ லிபிகளில் எழுதப்படும் கடிதங்களைப் பிரிக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. முதல் இலக்கம் 1 முதல் 8 வரை பிராந்தியங்கள். 9 ராணுவத் தபால். பூஜ்யத்தில் எதுவும் துவங்காது. அப்படியானால் பூஜ்யத்தில் துவங்கும் எண்ணைப் பொய் விலாசத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. ஒழுங்காக எழுதிய சாஃப்ட்வேர் பூஜ்யத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடும். சோதனைக்கு வேண்டியது விதிகளுக்கெல்லாம் பொருந்தி, ஆனால் எங்கும் போய்ச் சேராத எண். அவசரக்காரர்கள் 123456 என்று தட்டுகிறார்கள். 123-ல் துவங்குவது ஹரியானாவின் ரேவாரி, நார்நௌல் பக்கம். இன்று காலியாக இருக்கும் எண்ணை நாளை ஒரு புதிய தபால் நிலையத்துக்குக் கொடுத்துவிடலாம்.

எண் மட்டும் போதாது, விலாசத்தின் ஜாடையும் வேண்டும். வெளிநாட்டு அச்சில் வார்த்த புரோகிராம்கள் ஒரு எண், ஒரு தெரு, ஓர் ஊர் என்று மொழுமொழுவென்று விலாசம் தயாரிக்கின்றன. நிஜத்தில் பெங்களூர்க்காரர் 7வது கிராஸ், 3வது மெயின் என்பார். கேரளத்துக்காரருக்கு வீட்டுக்கே பெயர் உண்டு, எண் இரண்டாம் பட்சம். சண்டிகரில் தெருவே கிடையாது, செக்டர்தான். சென்னையில் பழைய எண் 14, புதிய எண் 31. கிராமத்தில் 4/117-பி, மாரியம்மன் கோயில் எதிரில், ரேஷன் கடை சந்து. மொழுமொழு விலாசத்தில் தேறிய சாஃப்ட்வேர் அந்தச் சாய்வுக்கோட்டைக் கண்டதும் படுத்துக்கொள்கிறது, அல்லது ரேஷன் கடையைப் பாதியில் வெட்டிவிடுகிறது. பார்சல் வராதபோது திட்டு வாங்குபவர் தபால்காரர்.

கடையில் பில் போட விலாசமும் மொபைல் எண்ணும் கேட்கிறார்கள் என்பதற்காகப் பொய் விலாசம் கொடுப்பவர்கள் பலர், குறிப்பாகப் பெண்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மொபைல் எண் தராவிட்டால் பில் கிடையாது என்று கடைக்காரர்கள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறையே 2023-ல் சொல்லியிருக்கிறது. வங்கி, அரசாங்கப் படிவங்கள் வேறு விஷயம்; அங்கே பொய் எழுதினால் சட்டம் பிடிக்கும். ஆனால் கடையில் சொல்லும் கற்பனைக் கதவு எண்ணுக்குப் பின்னாலும் யாராவது குடியிருக்கக்கூடும்.

தபால் துறை நினைத்தால் ஒவ்வொரு பிராந்தியத்திலும் ஓர் எண்ணை, இது யாருக்கும் இல்லை என்று அறிவித்து ஒதுக்கிவிடலாம். செலவு ஒரு சுற்றறிக்கைதான். சபரிமலை சன்னிதானத்துக்கு 689713 என்று தனி பின்கோடு கொடுத்து, மண்டல-மகரவிளக்கு சீசனில் மட்டும் அதை இயக்கி, மற்ற மாதங்களில் தூங்கவிடுகிற துறைக்கு இது பெரிய வித்தையா? 2025-ல் அதே துறை டிஜிபின் என்று பத்து எழுத்துக் குறியீட்டையும் கொண்டு வந்திருக்கிறது. தேசத்தையே நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. இனி வாய்க்கு வந்ததை எழுதினால் அது ஒருவர் வீட்டு அடுப்பங்கரையிலேயே விழும். நல்ல வேளை, அந்தக் கட்டங்கள் அரபிக்கடல் மேலும் விரிந்திருக்கின்றன. கரையிலிருந்து தள்ளி ஒரு நூறு கட்டங்களை இப்போதே வளைத்துப் போட்டு, பட்டியலை வெளியிட்டுவிடலாம்.