இரண்டு வயல்களில் விதைக்கும் பிள்ளைகள்



நீட் தேர்வின் முடிவு வெளியாகும் நாட்களில், மும்பை தாராவியிலும் பெங்களூரு அல்சூரிலும் டெல்லி மயூர் விஹாரிலும் குடியிருக்கும் நம்முடைய விசுவாசக் குடும்பங்களில் ஒரே கேள்வி எழும்புகிறது. பிள்ளைக்கு இந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு பயிற்சி மையத்துக்கு மாத்திரம் போகட்டுமா? அல்லது பி.எஸ்ஸி. ஹானர்ஸில் சேர்ந்து, படித்துக்கொண்டே மறுபடியும் நீட் எழுதட்டுமா? இரண்டாம் வழியைத் தெரிந்துகொண்ட குடும்பங்களோடு இம்மாதம் பேச விரும்புகிறேன்.

காலையில் விதைத்தவன் அதோடு நின்றுவிடாமல் மாலையிலும் விதைக்கும்படி பிரசங்கி 11:6 நமக்கு ஆலோசனை சொல்லுகிறது. எந்த விதைப்பு பலன் தரும் என்பதை மனுஷன் முன்னறியான். இரண்டுமே பலன் தரவும் கூடும். நம்முடைய வீடுகளிலோ நீட் ஒன்றையே வயல் என்கிறோம். ஹானர்ஸ் படிப்பைப் பேருந்து வரும்வரை ஒதுங்கி நிற்கும் நிழற்குடையாக எண்ணுகிறோம். பெற்றோரின் இந்த எண்ணம் பிள்ளைக்கும் தொற்றிக்கொள்ளுகிறது. அவன் வகுப்புக்குப் போகிறான், ஆனால் படிப்பதில்லை. முடிவில் இரண்டு வயல்களும் தரிசாகக் கிடக்கின்றன. பிரியமானவர்களே, தேவன் இன்றைக்குக் கையில் கொடுத்திருக்கும் படிப்பும் அவர் கொடுத்த நிலமே.

முதலாவது, உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முன்னதாகவே செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் போதித்தார். 2025-ல் 22 லட்சத்துக்கும் அதிகமானோர் நீட் எழுதினார்கள். 12 லட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதிலும் எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் ஒன்றேகால் லட்சமே. ஆகவே தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. மற்றவை அந்தந்த மாநிலத்துக்குரியவை. பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நாம் இதைக் கவனமாய்ப் பார்க்கவேண்டும். டெல்லியின் ஒதுக்கீட்டுக்குப் பிள்ளை 11, 12-ஆம் வகுப்புகளை அங்கே படித்திருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2020 முதல் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அங்குள்ள அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கானது. மும்பை மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது பொருந்தாது. எந்த மாநிலத்தில் நம் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதை அவ்வாண்டின் கலந்தாய்வுக் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருக்கும் உறவினர் பேச்சைக் கேட்டுக் குழம்பவும் வேண்டாம். அங்கே நான்காண்டு இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகே பெரும்பாலானோர் எம்கேட் தேர்வின் வழியாக மருத்துவக் கல்லூரிக்குள் பிரவேசிக்கிறார்கள். அங்கே பட்டம் என்பது வாசற்படி. நம்முடைய தேசத்தில் அப்படியல்ல. ஹானர்ஸில் எத்தனை ஆண்டு படித்திருந்தாலும் எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்கும். நாலரை ஆண்டு படிப்பு, பின்பு ஓராண்டு பயிற்சி மருத்துவப் பணி. ஆகையால் ஹானர்ஸ் படிப்பு மருத்துவத்துக்குக் குறுக்குவழியல்ல. அது தன்னிலேயே பயன் தரும்படி படிக்கவேண்டிய ஒன்று.

இரண்டாவதாக, இரண்டு விதைப்புக்கும் காலத்தைப் பகுத்துக்கொடுங்கள். டெல்லி பல்கலைக்கழகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே 2022-ல் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தில் ஒரு பருவத்துக்கு 22 கிரெடிட்கள். முதலாம் ஆண்டில் ஒவ்வொரு பருவத்திலும் முதன்மைப் பாடத்துக்கு 12, வேறொரு துறையிலிருந்து தெரிந்துகொள்ளும் பொது விருப்பப் பாடத்துக்கு 4, மீதியுள்ள 6 மொழி, திறன் முதலிய சிறு பாடங்களுக்கு. விலங்கியல் ஹானர்ஸ் படிக்கும் பிள்ளை, கல்லூரியில் வாய்ப்பிருந்தால், விருப்பப் பாடமாக இயற்பியலையோ வேதியியலையோ எடுக்கலாம். அதனாலே இரண்டு வயல்களுக்கும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும்.

ஆனாலும் ஹானர்ஸ் படிப்பதாலேயே நீட்டுக்கு ஆயத்தமாகிவிட்டதாக நினைப்பது தவறு. 2025-ல் நடந்த தேர்வில் 180 நிமிடங்களில் 180 கேள்விகள். உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45. அவை 11, 12-ஆம் வகுப்புப் பாடங்களைச் சார்ந்தவை. விலங்கியல் படிக்கும் பிள்ளைக்கு இயற்பியல் கைவிட்டுப் போகும். ஆகவே முதல் பருவத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது இயற்பியலுக்கு ஒதுக்கவேண்டும். நீட் வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் வரும். இரண்டாம் பருவத் தேர்வும் அதையொட்டியே வரும். ஆய்வகப் பதிவேடு, ஒப்படைப்பு ஆகியவற்றை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிட்டால் ஏப்ரல் மாதம் மாதிரித் தேர்வுகளுக்குக் கிடைக்கும். வருகைப்பதிவைக் குறையவிடாதிருங்கள். அது குறைந்தால் பருவத் தேர்வு எழுதமுடியாமல் ஓராண்டு வீணாகலாம். கல்லூரியில் சேரும்போதே, இடையில் விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது.

மூன்றாவதாக, ஓர் எல்லையைக் குறியுங்கள். 2022-ல் நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பு நீக்கப்பட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை. சட்டம் வரம்பு வைக்காதபோது குடும்பம் ஜெபத்தோடு வைக்கவேண்டும். தானியேல் தன் போஜனத்தைக்குறித்துப் பரீட்சை கேட்டபோது பத்து நாள் என்று தவணை சொல்லிக் கேட்டான். விசுவாச வீரனாகிய அவன் தவணை குறித்ததை அவிசுவாசம் என்று யாரும் சொல்லுவதில்லை. அந்தத் தானியேலே தான் தெரிந்துகொள்ளாத பாபிலோனின் கல்வியை மூன்று வருஷம் கற்று, ராஜாவின் முன்பாகத் தேறினவனாய் நின்றான். ஹானர்ஸ் படிக்கும் உங்கள் பிள்ளைக்கும் இதுவே மாதிரி. இன்னும் ஒரு முறையா, இரண்டு முறையா என்று இன்றைக்கே பிள்ளையோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். தவணை முடிந்தபின் முழு மனதோடு பட்டப்படிப்புக்குத் திரும்பட்டும். டெல்லியில் 132 கிரெடிட்களோடு மூன்றாம் ஆண்டில் பட்டம் பெறலாம்; 176 முடித்தால் நான்காண்டுப் பட்டம். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர்கள் முதுகலை இல்லாமலே ஆராய்ச்சிப் படிப்புக்குத் தகுதி பெறும்படி 2022-ல் விதி வந்திருக்கிறது. இரண்டாண்டு வகுப்பில் தூங்கின பிள்ளைக்கு இந்தக் கதவுகள் திறப்பது கடினம்.

கடைசியாக, வலிக்கிற ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். நம் சபைகளில் அநேகம் பிள்ளைகளின்மேல் "நீ டாக்டராவாய்" என்ற வார்த்தை சிறுவயதிலேயே உரைக்கப்பட்டிருக்கிறது. தீர்க்கதரிசனத்தை நாம் அசட்டைபண்ணுகிறவர்கள் அல்ல. ஆனாலும் அதைச் சோதித்து நலமானதைப் பற்றிக்கொள்ளும்படி 1 தெசலோனிக்கேயர் 5-ஆம் அதிகாரம் நமக்குக் கட்டளையிடுகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளை, தேவன் என்னைக் கைவிட்டாரோ என்றும், என் பாவத்தால் வாக்குத்தத்தம் தவறிற்றோ என்றும் இராத்திரியில் அழுகிறதைப் பெற்றோர் அறியாதிருக்கலாம். உடன் ஊழியர்களே, நாம் உரைக்கும் வார்த்தை ஒரு வாலிபனின் முதுகில் எத்தனை வருஷம் சுமையாய் இருக்கும் என்பதை நினைத்துப் பேசுவோம். சாட்சி நேரத்தில் மருத்துவ இடம் கிடைத்த பிள்ளையை முன்னே அழைக்கிறோம். ஹானர்ஸில் முதல் பருவம் நன்றாய்த் தேறின பிள்ளையையும் அழைப்போம். பிள்ளையின் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பேச்சும் நின்றுபோனால், ஜெபத்தோடுகூட மனநல மருத்துவரையும் தாமதமின்றி நாடுங்கள். அது விசுவாசக் குறைவல்ல.

பெற்றோரே, இன்று இரவு குடும்ப ஜெபம் முடிந்தபின் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நீட் மதிப்பெண்ணைக்குறித்து அல்ல, "இந்த வாரம் கல்லூரியில் என்ன கற்றாய்?" என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாய்க் கேளுங்கள். தன் இரண்டாம் வயலுக்கும் வீட்டில் மதிப்புண்டு என்பதைப் பிள்ளை அன்றைக்கு அறிந்துகொள்ளும்.

விதைக்கிறவனுக்கு விதையைக் கொடுக்கிற தேவன் உங்கள் பிள்ளைகளின் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதித்து, தமக்குச் சித்தமான வாசலை ஏற்ற வேளையில் திறந்தருளுவாராக. ஆமென்.